120 என்பது எந்த 120?

2015 செப்டம்பரில், அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த ஆய்வு நிறுவனம் ஒரு பெரிய மருத்துவ ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்துவதாக அறிவித்தது. ஆய்வில் தீங்கு எதுவும் நேர்ந்து நிறுத்தவில்லை. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்துவிட்டதால் நிறுத்தினார்கள். ‘ஸ்பிரின்ட்’ என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வில் 9,361 பேர் சேர்ந்திருந்தார்கள். எல்லோரும் 50 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள், இரத்த அழுத்தம் உயர்ந்தவர்கள், இதய நோய்க்கான வாய்ப்பு கூடுதலாக உள்ளவர்கள். நீரிழிவு உள்ளவர்களும் ஏற்கெனவே பக்கவாதம் கண்டவர்களும் சேர்க்கப்படவில்லை. ஒரு பாதியினருக்கு இலக்கு, மேல் அழுத்தத்தை 140க்குக் கீழே வைத்திருப்பது. மறு பாதியினருக்கு 120க்குக் கீழே. சுமார் மூன்றேகால் ஆண்டில், 120 இலக்குக் குழுவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை மற்றக் குழுவைவிட 25 சதவீதம் குறைந்திருந்தன. எந்தக் காரணத்தாலும் நேரும் மரணம் 27 சதவீதம் குறைந்திருந்தது.

ஆண்டுக்கு நூறு பேரில் 2.19 பேருக்கு நேர்ந்த பாதிப்பு 1.65 பேராகக் குறைந்தது என்று சொன்னால் எண் சிறியதாகத் தெரியலாம். உலகில் நூறு கோடிக்கும் அதிகமானோர் உயர் இரத்த அழுத்தத்தோடு வாழ்கிறார்கள் என்பதைச் சேர்த்து நினைத்தால் அதன் கனம் புரியும். ஆனால் முடிவுகள் முழுமையாக வெளியானதுமே, இத்துறையில் பல்லாண்டு உழைத்தவர்கள் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். அது மருந்தைப் பற்றிய கேள்வி இல்லை, புள்ளியியல் கணக்கைப் பற்றியதும் இல்லை. அழுத்தத்தை அளந்த நேரத்தில் அந்த அறையில் நோயாளியைத் தவிர வேறு யாராவது இருந்தார்களா?

கேட்பதற்குச் சில்லறை விஷயமாகத் தோன்றும் இந்தக் கேள்வி, உயர் இரத்த அழுத்த ஆராய்ச்சி முழுவதற்கும் அடிப்படையானது என்று நான் நினைக்கிறேன். ஆய்வு முடிவைச் சொல்லும் செய்திகளில் 120, 130, 140 என்று எண்கள் மட்டும் வருகின்றன. அந்த எண் எந்தக் கருவியில், எவ்வளவு நேரம் உட்கார்ந்த பிறகு, எத்தனை முறை எடுத்து, யார் எடுத்தது என்பது வருவதில்லை. அது இல்லாமல் அந்த எண்ணுக்கு முழுப் பொருள் கிடையாது.

அளவு என்று நாம் சொல்வது என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். மருத்துவமனையிலும் வீட்டிலும் நாம் பார்க்கும் இரத்த அழுத்தம் நேரடி அளவே இல்லை, வெளியிலிருந்து செய்யும் ஊகம். நேரடியாக அளந்தவர் இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ். ஒரு குதிரையின் தமனியில் குழாய் செருகி, அதோடு பொருத்திய கண்ணாடிக் குழாயில் இரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறியதை 1733இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார். மனிதர்களிடம் அப்படி வழக்கமாக அளக்க முடியாது. 1896இல் இத்தாலியின் டூரின் நகரத்து மருத்துவர் ஷிபியோனே ரிவா-ரோச்சி, கையைச் சுற்றிக் கட்டிக் காற்றேற்றும் பட்டையைக் கொண்டு ஒரு வழி கண்டார். மணிக்கட்டில் நாடி மறையும்வரை பட்டையை இறுக்கி, அப்போதைய பாதரச உயரத்தைக் குறித்துக்கொள்வது அவருடைய முறை. இதில் மேல் அழுத்தம் மட்டுமே தெரியும். அவருடைய பட்டை மிகக் குறுகலாக இருந்ததால் அளவு கூடுதலாகக் காட்டியது. அகலமான பட்டை வேண்டும் என்று ஜெர்மனியின் ஹைன்ரிஷ் ஃபான் ரெக்லிங்ஹவுசன் 1901இல் காட்டினார். பட்டையின் அளவு தவறினால் எண்ணும் தவறும் என்பது இந்தத் துறை பிறந்து ஐந்தே ஆண்டுகளில் தெரிந்துவிட்ட உண்மை.

1905இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நிக்கொலாய் கொரோட்காஃப் என்ற இளம் அறுவை மருத்துவர், பட்டைக்குக் கீழே தமனியின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கலாம் என்று மிகச் சுருக்கமான ஓர் அறிக்கையில் சொன்னார். பட்டையைத் தளர்த்தும்போது ‘டக்’ என்று முதல் ஒலி கேட்கும் இடம் மேல் அழுத்தம். ஒலி மங்கி, பிறகு மறையும் இடம் கீழ் அழுத்தம். மங்கும் இடமா, மறையும் இடமா? இதில் பல பத்தாண்டுகள் ஒருமித்த கருத்து இல்லை. பழைய ஆய்வுகளில் சில ஒன்றையும் சில மற்றொன்றையும் எடுத்துக்கொண்டன. அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் வேறுபாடு உண்டு. ஆகவே, ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வின் கீழ் அழுத்தத்தை இன்றைய ஆய்வோடு அருகருகே வைக்கிறவர், முதலில் அந்த ஆய்வு எந்த ஒலியை எடுத்தது என்று பார்க்க வேண்டும்.

இப்போது பெரும்பாலான இடங்களில் தானியங்கி பி.பி. மெஷின் வந்துவிட்டது. அது எந்த ஒலியையும் கேட்பதில்லை. தமனியின் துடிப்பால் பட்டைக்குள் உள்ள காற்றில் எழும் சிறு அதிர்வுகளைப் பதிவு செய்கிறது. அதிர்வு உச்சமாக இருக்கும் இடம் ஏறத்தாழச் சராசரி அழுத்தம். மேல், கீழ் அழுத்தங்களை அதிலிருந்து ஒரு சூத்திரத்தால் கணக்கிட்டுத் திரையில் காட்டுகிறது. அந்தச் சூத்திரம் ஒவ்வொரு நிறுவனத்தின் வணிக ரகசியம். கருவி நம்பத்தக்கதா என்று சோதிக்க 2018இல் உலகப் பொதுத் தரம் ஒன்று வகுக்கப்பட்டது. பொதுவாக 85 பேரிடம், பயிற்சி பெற்றவர்கள் ஸ்டெதாஸ்கோப் வைத்து எடுத்த அளவோடு ஒப்பிட்டு, சராசரி வேறுபாடு 5 மி.மீ.க்குள்ளும், திட்ட விலக்கம் 8 மி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். சராசரி என்பதை இங்கே அழுத்தி வாசிக்க வேண்டும். தேர்ச்சி பெற்ற கருவியேகூட, ஒரு தனி மனிதரிடம் பத்து மி.மீ. விலகிக் காட்டலாம். நாட்டளவில் ஆண்டுதோறும் நடக்கும் ஆய்வுகளில் கருவியை மாற்றினால், மக்களின் அழுத்தம் மாறியதா, கருவி மாறியதா என்று பிரிக்கத் தனிக் கணக்கு வேண்டியிருக்கும். இங்கிலாந்தின் உடல்நல ஆய்வு 2003இல் ஒரு வகைக் கருவியிலிருந்து மற்றொன்றுக்கு மாறியபோது அந்தச் சிக்கலைச் சந்தித்தது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தபின், உலகெங்கும் பாதரசக் கருவி விடைபெற்று வருகிறது. நீண்டகால ஆய்வுகள் எல்லாமே இந்த மாற்றத்தைக் கடக்க வேண்டும்.

கருவியை விட்டு மனிதரிடம் வருவோம். இத்தாலியின் மிலான் நகரில் ஜுசெப்பே மான்சியாவும் சக ஆய்வாளர்களும் 1983இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு இன்றும் வியப்புத் தருவது. மருத்துவமனையில் இருந்த 48 பேரின் தமனிக்குள் நுண்குழாய் வைத்து, அழுத்தத்தைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். ஊகம் இல்லை, நேரடி அளவு. அப்போது ஒரு மருத்துவர் வந்து, வழக்கம்போல் பட்டை கட்டி அழுத்தம் பார்த்தார். அவர் வந்ததுமே அழுத்தம் ஏறத் தொடங்கியது. முதல் நான்கு நிமிடத்துக்குள் உச்சம் தொட்டது. மேல் அழுத்தம் சராசரியாக 27 மி.மீ. ஏறியது, கீழ் அழுத்தம் 15 மி.மீ. பிறகு மெல்ல இறங்கியது. அதாவது, மருத்துவர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டு, பட்டையைக் கட்டி அளக்கும் அந்த முதல் சில நிமிடங்கள்தான் உண்மையிலிருந்து அதிகம் விலகிய நிமிடங்கள். அதே குழு பின்னர் செவிலியரை வைத்துப் பார்த்தபோது ஏற்றம் கணிசமாகக் குறைந்தது.

அமெரிக்காவில் தாமஸ் பிக்கரிங் இதை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் சென்றார். உயர் இரத்த அழுத்தம் குறித்த அடிப்படைச் சிந்தனையை வகுத்த ஜார்ஜ் பிக்கரிங்கின் மகன் இவர். நாள் முழுவதும் கையில் பட்டையோடு நடமாட, குறித்த இடைவெளிகளில் தானே அளந்துகொள்ளும் முழுநாள் கருவியை 292 பேருக்குப் பொருத்தினார். மருத்துவர் அளந்தபோது எல்லைக்கோட்டில் உயர் அழுத்தம் உள்ளவர்களாகத் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களில் 21 சதவீதம் பேருக்குப் பகல் பொழுதின் சராசரி இயல்பாகவே இருந்தது. 1988இல் வெளியான அந்த ஆய்வு, ‘வெள்ளை அங்கி உயர் அழுத்தம்’ என்ற கருத்தை மருத்துவ உலகில் நிலைநிறுத்தியது. இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. மருத்துவமனையில் இயல்பாகவும் வெளியே உயர்ந்தும் இருப்பது. அதை ‘மறைந்த உயர் அழுத்தம்’ என்று குறித்தவரும் அவரே. முதல் வகையினருக்குத் தேவையில்லாத மருந்து போகலாம். இரண்டாம் வகையினர், ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டு, காலப்போக்கில் இதயமும் சிறுநீரகமும் பழுதடைந்த பிறகு வந்து சேரலாம். எனக்குக் கவலை தருவது இரண்டாம் வகைதான். முதல் வகையைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்தப் பின்னணியோடு ஸ்பிரின்ட் ஆய்வுக்குத் திரும்பினால், அந்தக் கேள்வி ஏன் எழுந்தது என்பது விளங்கும். ஆய்வில் பயன்பட்டது ஓம்ரான் 907 வகை தானியங்கிக் கருவி. பங்கேற்பவர் முதுகு சாய்த்து, கால் தரையில் பட, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு கருவி தானே மூன்று முறை அளந்து சராசரி சொல்லும். பல மையங்களில் ஊழியர்கள் அறையை விட்டு வெளியே போய்விட்டார்கள். மருத்துவர் இல்லை, செவிலியர் இல்லை, பேச்சு இல்லை. அப்படிக் கிடைத்த 120 என்ற எண்ணை, நெரிசலான ஓ.பி.யில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் ஓடிவந்து உட்கார்ந்தவரிடம் எடுத்த 120 உடன் ஒன்றாகப் பார்க்க முடியுமா?

முடியாது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. கனடாவின் மார்ட்டின் மையர்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 31 ஆய்வுகளில் இருந்த 9,279 பேரின் அளவுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்டார்கள். நோயாளி தனியாக இருக்கையில் தானியங்கிக் கருவி எடுத்த மேல் அழுத்தம் 130ஐத் தாண்டியவர்களிடம், வழக்கமான மருத்துவமனை அளவு அதைவிடச் சராசரியாக 14.5 மி.மீ. கூடுதலாக இருந்தது. ஆய்வுக்கென்று ஒழுங்காக எடுத்த அளவோ 7 மி.மீ. மட்டுமே கூடுதல். விழித்திருக்கும் நேரத்து முழுநாள் கருவியின் சராசரியோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஏறக்குறைய இல்லை, 0.3 மி.மீ.தான்.

இங்கே விவாதம் இன்னொரு பக்கம் திரும்பியது. ஸ்பிரின்ட் குழு தன் மையங்களிடமே விசாரித்து, எங்கே எப்படி அளந்தார்கள் என்று 2018இல் வெளியிட்டது. எல்லா மையமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. 38 மையங்களில் ஓய்வின்போதும் அளக்கும்போதும் பங்கேற்பவர் தனியாக இருந்தார். 25 மையங்களில் ஊழியர் எப்போதும் அறையிலேயே இருந்தார். 19 மையங்களில் ஓய்வின்போது மட்டும் தனிமை, 6 மையங்களில் அளக்கும்போது மட்டும் தனிமை. எப்போதும் தனியாக இருந்தவர்களிடமும் ஒருபோதும் தனியாக இல்லாதவர்களிடமும் எட்டிய அழுத்தம் ஏறக்குறைய ஒன்றே. கிடைத்த பலனும் ஒத்திருந்தது. ஆக, வெறும் தனிமை அந்த எண்ணைக் கீழே இறக்கவில்லை. ஐந்து நிமிட ஓய்வு, பேசாமை, சரியான பட்டை, சரியான இருக்கை, மனிதக் கை படாத மூன்று அளவுகளின் சராசரி என்ற முழு ஒழுங்கும் சேர்ந்தே இறக்கியிருக்க வேண்டும். ‘அறையில் யார் இருந்தார்’ என்று தொடங்கிய சர்ச்சை, ‘அறையில் என்ன ஒழுங்கு இருந்தது’ என்ற இன்னும் பயனுள்ள கேள்விக்கு இட்டுச் சென்றது.

இன்னொரு ஒப்பீடு இதைவிடக் கூர்மையானது. ஸ்பிரின்ட்டில் இருந்தவர்கள் அதே காலத்தில் தங்கள் வழக்கமான மருத்துவரிடமும் போய்வந்தார்கள். சுமார் 3,000 பேரின் மருத்துவமனைப் பதிவுகளை ஆய்வு அளவுகளோடு வைத்துப் பார்த்து, பால் ட்ராஸ் குழுவினர் 2020இல் வெளியிட்டார்கள். ஒரே மனிதர், ஒரே மருந்து. ஆனால் வழக்கமான மருத்துவமனை அளவு, 120 இலக்குக் குழுவில் சராசரியாக 7.3 மி.மீ. கூடுதல், 140 இலக்குக் குழுவில் 4.6 மி.மீ. கூடுதல். இதைப் படித்ததும், ‘சரி, ஓ.பி. அளவிலிருந்து ஏழைக் கழித்துவிடலாமே’ என்று தோன்றும். கழிக்கக் கூடாது. ஒருவருக்கு வேறுபாடு முப்பதுக்கு மேல் கூடுதலாகவும், இன்னொருவருக்குக் குறைவாகவும் இருந்தது. சராசரி ஏழு என்பது எந்தத் தனி மனிதருக்கும் பொருந்தும் கழித்தல் எண் இல்லை.

ஸ்பிரின்ட்டில் முழுநாள் கருவி பொருத்திய 897 பேரின் துணை ஆய்வும் சுவையானது. பொதுவாக, வீட்டிலும் வெளியிலும் எடுக்கும் பகல் அளவு மருத்துவமனை அளவைவிடக் குறைவாக இருக்கும் என்பது பாடநூல் வழக்கு. அதனால்தான் மருத்துவமனையின் 140/90க்கு ஈடாகப் பகல் சராசரி 135/85 என்று வைத்திருக்கிறார்கள். ஸ்பிரின்ட்டிலோ தலைகீழ். 120 இலக்குக் குழுவில் மருத்துவமனை அளவு 119.7, பகல் சராசரி 126.5. அந்த மனிதர்கள் நாள் முழுதும் 120க்குக் கீழே வாழவில்லை. அமைதியாக உட்கார்ந்திருக்கும் சில நிமிடங்களின் அளவுதான் அந்த 120.

அப்படியானால் ஸ்பிரின்ட் முடிவு பொய்யா? இல்லை. இந்த இடத்தில் பலர் தடம் மாறுகிறார்கள். இரண்டு குழுக்களையும் ஒரே முறையில்தான் அளந்தார்கள். முறை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும்போது, குழுக்களுக்கு இடையிலான ஒப்பீடு நேர்மையாகவே நிற்கும். அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் குறைப்பது உயிர்களைக் காக்கும் என்ற முடிவு உறுதியானது. சீனாவில் 60 முதல் 80 வயதுவரை உள்ள 8,511 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ‘ஸ்டெப்’ ஆய்வு, 130க்குக் கீழே இலக்கு வைத்து இதே திசையில் பலன் கண்டது. ஐயத்துக்கு உரியது, 120 என்ற எண்ணை மட்டும் பிய்த்தெடுத்து, அதை அளந்த ஒழுங்கை விட்டுவிட்டு வேறு இடத்தில் நடுவது.

ஆனால் அளக்கும் முறை ஒப்பீட்டையே கெடுத்த சம்பவமும் இருக்கிறது. சிறுநீரகத் தமனியைச் சுற்றி ஓடும் நரம்புகளை வெப்பத்தால் செயலிழக்கச் செய்தால் அழுத்தம் குறையும் என்ற சிகிச்சை 2010 வாக்கில் பெரும் நம்பிக்கையைக் கிளப்பியது. பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத நோயாளிகள் 106 பேரிடம் நடந்த ‘சிம்ப்ளிசிட்டி 2’ ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களின் மருத்துவமனை அழுத்தம் ஆறு மாதத்தில் 32/12 மி.மீ. இறங்கியது. பெறாதவர்களுக்கு மாற்றமே இல்லை. எந்த மாத்திரைக்கும் கனவிலும் கிட்டாத இறக்கம். ஆனால் யார் சிகிச்சை பெற்றார் என்பது நோயாளிக்கும் தெரியும், அளந்தவருக்கும் தெரியும். அதே ஆய்வில் முழுநாள் கருவி பொருத்தப்பட்ட சிகிச்சைக் குழுவினர் 20 பேர் மட்டும்தான். அவர்களிடம் இறக்கம் 11/7. ஒரே சிகிச்சைக்கு ஓர் அளவுமுறை 32 என்கிறது, இன்னொன்று 11 என்கிறது. அந்த இடைவெளியிலேயே எச்சரிக்கை இருந்தது.

2014இல் வந்த ‘சிம்ப்ளிசிட்டி 3’ ஆய்வில் 535 பேர். இம்முறை ஒரு குழுவுக்குப் போலிச் சிகிச்சை. தமனிக்குள் குழாய் செலுத்திப் படம் எடுப்பார்கள், நரம்பைத் தொட மாட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பின்னர் அழுத்தம் அளந்தவருக்கும் தெரியாது. உண்மைச் சிகிச்சையில் மேல் அழுத்தம் 14.13 மி.மீ. குறைந்தது. போலிச் சிகிச்சையில் 11.74 மி.மீ. குறைந்தது. வேறுபாடு 2.39, புள்ளியியலில் பொருட்படுத்தத் தக்கதல்ல. ஒன்றுமே செய்யாமல் எப்படிப் பன்னிரண்டு மி.மீ. இறங்கும்? 160க்கு மேல் இருப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தால், அன்றைக்குத் தற்செயலாக ஏறியிருந்தவர்களும் அதில் சேர்ந்துவிடுவார்கள். அடுத்த முறை அளக்கும்போது அவர்கள் தம் இயல்புக்குத் திரும்புவார்கள். ஆய்வில் இருக்கிறோம் என்பதால் மாத்திரையையும் தவறாமல் சாப்பிடுவார்கள். மருத்துவமனை பழகிவிட்டதால் பதற்றமும் தணியும். அளப்பவரின் எதிர்பார்ப்பும் சேர்ந்தால் எண் இன்னும் இறங்கும். அந்தச் சிகிச்சை அதோடு மறைந்துவிடவில்லை. கருவியைத் திருத்தி, முழுநாள் அளவையே அடிப்படையாக வைத்து, போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வுகளில் சிறிய, ஆனால் உண்மையான இறக்கம் தெரிந்தது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில் போலிச் சிகிச்சையைவிட முழுநாள் மேல் அழுத்தம் சுமார் 4 மி.மீ. குறைந்தது. 2023 நவம்பரில் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு இவ்வகைக் கருவிகளுக்கு அனுமதி தந்தது. 32 எங்கே, 4 எங்கே. நடுவில் இருந்த பெரும்பகுதி அளவுமுறையின் விளைவு.

பிழை எப்போதும் பலனைப் பெரிதாக்கியே காட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. சில வேளை அது உண்மையைச் சிறிதாக்கிவிடும். நூற்றுக்கணக்கானோரை ஒரே ஒருமுறை அளந்துவிட்டு, பத்து ஆண்டுக்குப் பிறகு யாருக்குப் பக்கவாதம் வந்தது என்று பார்த்தால், அந்த ஒற்றை அளவின் தற்செயல் ஏற்ற இறக்கம், அழுத்தத்துக்கும் நோய்க்கும் உள்ள உறவை மங்கச் செய்யும். ஸ்டீபன் மக்மேஹன், ரிச்சர்ட் பீட்டோ முதலியோர் 1990இல் ஒன்பது ஆய்வுகளில் இருந்த 4,20,000 பேரின் தரவைத் தொகுத்து இந்த மங்கலைத் திருத்தினார்கள். திருத்தியதும் உறவின் வலிமை முன்பு சொல்லப்பட்டதைவிட ஏறக்குறைய 60 சதவீதம் கூடியது. 2002இல் 61 ஆய்வுகள், பத்து லட்சம் பேர் என்று அந்த வேலை விரிந்தது. 40 முதல் 69 வயதுவரை, மேல் அழுத்தம் 20 மி.மீ. கூடும்தோறும் பக்கவாதத்தாலும் இதயத் தமனி நோயாலும் சாவது இரட்டிப்பாகிறது, 115/75 வரை இறங்கினாலும் இந்தக் கோடு வளைவதில்லை என்று அது காட்டியது. இன்று எல்லா மருத்துவ மாணவரும் படிக்கும் இந்த முடிவு, அளவின் குறையை ஒளிக்காமல் கணக்கில் எடுத்துக்கொண்டதால் கிடைத்தது.

மனிதக் கையின் இன்னொரு பழக்கம், எண்ணைச் சுழியத்தில் முடிப்பது. பாதரசக் கருவியில் கோடுகள் இரண்டு மி.மீ. இடைவெளியில் இருக்கும். ஒழுங்காகப் படித்தால் ஐந்தில் ஒரு அளவுதான் சுழியத்தில் முடிய வேண்டும். ஓ.பி. சீட்டுகளைப் புரட்டினால் 120, 130, 140, 150 என்றே வரிசையாக இருக்கும். 136 இருந்தவரை 140 என்று எழுதியதும் அவர் நோயாளியாகிவிடுகிறார். லண்டனில் ஜெஃப்ரி ரோஸ் 1964இல், அளப்பவர் எண்ணைப் பார்க்கவே முடியாதபடி பாதரசத்தை மறைத்த ஒரு கருவியைச் சக ஆய்வாளர்களோடு உருவாக்கினார். பின்னர் சுழியப் புள்ளியையே தற்செயலாக நகர்த்தும் கருவி வந்து, பல பெரிய ஆய்வுகளில் பயன்பட்டது. அளப்பவரின் சாய்வை அது குறைத்தது. ஆனால் அதுவே உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

பட்டையின் அளவைப் பற்றி 1901இலேயே தெரியும் என்றேன். 2023இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 195 பேரிடம் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். மிகப் பெரிய பட்டை தேவைப்படும் பருத்த கையில் வழக்கமான பட்டையைக் கட்டினால் மேல் அழுத்தம் 19.5 மி.மீ. கூடுதலாகக் காட்டியது. அடுத்த ஆண்டு அதே குழு கையின் நிலையைச் சோதித்தது. மேசையில் தாங்காமல் மடியில் வைத்தால் சுமார் 4 மி.மீ., பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6.5 மி.மீ. கூடுதல். அதாவது ஒரு மாத்திரை இறக்கும் அளவை நெருங்கும் அளவுக்குக் கையைத் தொங்கவிடுவது ஏற்றிவிடுகிறது. உடல் பருமனுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு காட்டும் எந்த ஆய்வைப் படிக்கும்போதும், எத்தனை அளவுப் பட்டைகள் வைத்திருந்தார்கள் என்று தேடிப் பார்ப்பது அவசியம்.

நம் நாட்டு எண்களுக்கும் இது பொருந்தும். ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 24 சதவீதம், பெண்களில் 21 சதவீதம் பேருக்கு அழுத்தம் உயர்ந்திருப்பதாக அல்லது அதற்கு மருந்து எடுப்பதாகச் சொல்கிறது. சென்னையின் மதராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனம் ஒருங்கிணைத்து 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் 35.5 சதவீதம் என்கிறது. வயது வரம்பும் மக்களைத் தேர்ந்த விதமும் வேறு என்பதை நினைவில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவானது, வீடு தேடிப்போய் ஒரே நாளில் அளந்தது. ஒரு தனி மனிதரை நோயாளி என்று சொல்ல வேறு வேறு நாட்களில் அளக்க வேண்டும் என்பதே மருத்துவ விதி. நாட்டின் சுமையை மதிப்பிட ஒருநாள் அளவு போதும். அந்தச் சதவீதத்தை அப்படியே ‘இத்தனை கோடி நோயாளிகள்’ என்று பெருக்கிச் சொல்வது சரியில்லை.

விதி வகுப்பவர்களும் இதே இடத்தில்தான் பிரிந்தார்கள். ஸ்பிரின்ட் வெளியாகி இரண்டு ஆண்டு கழித்து, 2017 நவம்பரில் அமெரிக்க இதயச் சங்கங்கள் உயர் அழுத்தத்தின் எல்லையை 140/90இலிருந்து 130/80ஆக இறக்கின. அமெரிக்கப் பெரியவர்களில் உயர் அழுத்தம் உள்ளவர்கள் 32 சதவீதத்திலிருந்து 46 சதவீதமாக ஒரே நாளில் உயர்ந்தார்கள். 2018இல் ஐரோப்பியச் சங்கங்கள் 140/90ஐ விடவில்லை. ஸ்பிரின்ட்டில் அளந்த முறை முந்தைய பெரிய ஆய்வுகளில் இல்லாதது, அதன் எண்கள் வழக்கமான அளவில் 130க்கும் 140க்கும் நடுவே விழக்கூடும் என்பது அவர்களுடைய வாதங்களில் ஒன்று. 2024இல் ஐரோப்பிய இதயவியல் சங்கமும், மருந்து எடுப்பவர்களுக்குப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் 120 முதல் 129 என்ற இலக்குக்கு நகர்ந்தது. கூடவே, வீட்டிலோ முழுநாள் கருவியிலோ அளந்து உறுதிப்படுத்துவதை வலியுறுத்தியது. அந்த இரண்டாவது பாதி செய்திகளில் வரவில்லை.

அது வராமல் போனால் என்ன ஆகும்? மாடிப்படி ஏறி வந்து, வரிசையில் காத்திருந்து, உட்கார்ந்த உடனே பேசிக்கொண்டே அளந்து 132 என்று எழுதப்படும் எழுபது வயது மூதாட்டிக்கு, ‘120க்குக் கொண்டுவர வேண்டும்’ என்று இன்னொரு மாத்திரை சேரும். ஸ்பிரின்ட் முறையில் அளந்திருந்தால் அவர் ஏற்கெனவே இலக்கை ஒட்டி இருந்திருக்கலாம். கூடுதல் மருந்துக்கு விலை உண்டு. ஸ்பிரின்ட்டிலேயே, சிறுநீரகத்துக்குத் திடீர்ப் பாதிப்பு 120 இலக்குக் குழுவில் 4.1 சதவீதம் பேருக்கும் மற்றக் குழுவில் 2.5 சதவீதம் பேருக்கும் நேர்ந்தது. தாழ் அழுத்தமும் மயக்கமும் அங்கே கூடுதல். அந்த ஆய்வில் இவையெல்லாம் பலனைவிடக் குறைவாக இருந்தன, ஏனென்றால் இலக்கும் அளவும் ஒரே ஒழுங்கில் கட்டப்பட்டிருந்தன.

அந்த ஒழுங்கில் அளக்க ஆகும் நேரம் ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடத்துக்குள் அடங்கும். மருத்துவரின் அறைக்கு வெளியே ஒரு முதுகுள்ள நாற்காலி, கை தாங்க மேசை, மூன்று அளவுப் பட்டைகள், சோதித்துத் தேர்ந்த ஒரு தானியங்கிக் கருவி, பேச்சுக் கொடுக்காத ஒரு செவிலியர். நூற்றுக்கணக்கானோர் வரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லோருக்கும் இது இயலாது. ஆனால் முதல் அளவு எல்லையைத் தாண்டியவர்களுக்கும், மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ போகிறவர்களுக்கும் மட்டுமாவது செய்யலாம். அன்றைக்கு அவர்களுடைய சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில், அது எந்த முறையில் எடுத்தது என்று இரண்டு சொல் சேர்த்து எழுதினால், அடுத்த மாதம் அதைப் பார்க்கும் மருத்துவருக்கும், பின்னொரு நாள் அந்தப் பதிவுகளைத் திரட்டி ஆராய்பவருக்கும் அது பயன்படும்.